தொண்டையிலை ஓடின மொறிஸ் மைனர்

அண்ணை, உங்கடை போன் அடிக்கேல்லை. பொக்கற்றைத் தடவாதையுங்கோ. அது நான்தான்.

முன் சீற்றிலை இருக்கிற அந்த அக்காவும் கைப்பையைத் திறந்து பார்க்கிறா, பாருங்கோ. இன்னொருக்கா அடிக்கட்டே? வேண்டாமோ? சரி, விடுவம். கோவிக்காதையுங்கோ. எனக்கு இது ஒரு வருத்தம் மாதிரி, வாய் சும்மா கிடக்காது. காகம், ஐஸ்கிறீம் வான், கோயில் ஐயர், பள்ளிக்கூட அதிபர், ஆரெண்டாலும் ஒருக்காக் கேட்டால் காணும். உள்ளுக்குப் போய்ப் பதிஞ்சிடும். பேந்து எனக்கே தெரியாமல் வெளியிலை வரும். அம்மா சொல்லுவா, "நீ பிறக்கேக்கை ஆஸ்பத்திரியிலை பக்கத்துக் கட்டிலிலை ஒரு ரேடியோ பாடிக்கொண்டு கிடந்தது. நான் பிள்ளையை விட்டுட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்" எண்டு.

இந்த பஸ் யாழ்ப்பாணம் போய்ச் சேர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. ஒரு கதை சொல்லட்டே? ஒருத்தருக்கும் சொல்லாத கதை. நீங்கள் கரவெட்டிப் பக்கம் இல்லைத்தானே? அங்கை ஒருத்தரையும் தெரியாதுதானே? உண்மையா? அப்ப சரி.

என்ரை பேர் சேந்தன். பதினாறு வயசு. ஊர் முழுக்கப் பகிடி விட்டிருக்கிறன், இண்டைக்கு வரைக்கும் என்னை ஒருத்தரும் பிடிச்சதில்லை.

சரி, ஒருக்காப் பிடிபட்டனான். ஒரேயொருக்கா. அதைக் கணக்கிலை எடுக்கக்கூடாது.

எங்கடை ஒழுங்கையிலை தையல்நாயகி ரீச்சர் எண்டு ஒருவா இருக்கிறா. கணக்கு ரீச்சர், இப்ப பென்சன். கலியாணம் கட்டேல்லை, தனிய இருக்கிறா. அவாட்டை ஒரு மொறிஸ் மைனர் கார். சாம்பல் நிறம், ஆமை மாதிரி இருக்கும். இருபத்தஞ்சு வருசமா விடிய ஏழு மணி அஞ்சு நிமிசத்துக்கு அந்தக் கார் எங்கடை படலையைத் தாண்டும். எங்கடை வீட்டிலை மணிக்கூடு நிண்டுபோனால் அம்மா அந்தக் காரைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்புவா.

ஒருநாள் நான் எங்கடை விதானையாற்றை குரலிலை ரீச்சருக்குப் போன் எடுத்தன். விதானையாரைத் தெரியாதோ? எங்கடை கிராம அலுவலர். மூக்காலை கதைப்பார். "ரீச்சர்... ம்ம்... கவுண்மேந்திலை இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு... ம்ம்... பழைய கார் வைச்சிருக்கிற ஆக்கள் காரின்ரை ரெண்டு படம், காரின்ரை பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எல்லாம் கொண்டு வரவேணும்... ம்ம்..."

எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. பிறகு ரீச்சர் சொன்னா: "நல்லது விதானையார். உங்களுக்குப் பக்கத்திலை சேந்தன் எண்டு ஒரு பெடியன் நிப்பான். பின்னேரம் நாலு மணிக்கு வந்து காரைக் கழுவச் சொல்லுங்கோ. வாளியும் துணியும் இஞ்சை இருக்கு."

எப்பிடிக் கண்டுபிடிச்சவா எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. குரல் அச்சொட்டு! அண்டையிலை இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கார் கழுவினன். கழுவிக் கழுவி அந்தக் காரின்ரை சத்தம் எல்லாம் எனக்குப் பாடம். திறப்பைத் திருப்பினால் முதலிலை உள்ளுக்குள்ளை ஏதோ டக-டக-டக-டக எண்டு வேகமா அடிக்கும். பிறகு களைச்சுப் போய், டக்... டக்... எண்டு ஆறுதலா அடிக்கும். அதுக்குப் பிறகு கிர்ர்ர், கிர்ர்ர். ஒரு செருமல். பிறகு புடு-புடு-புடு எண்டு ஓடத் தொடங்கும். ஒரே தாளத்திலை ஓடாது, நாலு அடிக்கு ஒருக்கா ஒரு விக்கல். அந்த விக்கலைப் பிடிக்கத்தான் எனக்கு ரெண்டு மாசம் எடுத்தது. செய்து காட்டட்டே? இல்லை, பொறுங்கோ, கதை கெட்டிடும்.

போன வருசக் கடைசியிலை ரீச்சருக்கு முழங்காலிலை ஒப்பரேசன். கொழும்பு வெள்ளவத்தையிலை இருக்கிற நிமலன் அண்ணை வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் ரீச்சற்றை அக்காவின்ரை மகன், பாங்கிலை வேலை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அவருக்கு எல்லாம் இந்தச் சின்னம்மாதான். முந்தி அந்தக் காரை ஓடினதும் அவற்றை அப்பாதான், பிறகுதான் அது ரீச்சரிட்டை வந்தது. ஒரு மாசம் எண்டு போன ரீச்சர் ஏழு மாசம் நிண்டிட்டா. கார் கொட்டிலுக்குள்ளை தரப்பாளுக்குக் கீழை கிடந்தது. நானும் கழுவேல்லை. கழுவச் சொல்ல ஆளில்லாத வீட்டிலை ஆர் கழுவுறது?

வந்த அண்டைக்கே ரீச்சர் கொட்டிலுக்குத்தான் போனா. உடுப்பும் மாத்தேல்லை. தரப்பாளை இழுத்து எறிஞ்சா, ஏறி இருந்தா, திறப்பைத் திருப்பினா.

ஒண்டுமில்லை.

கிர்ர்ர் எண்டுது. அதுவும் பலமில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை மாமா பற்றறியைக் கழட்டிக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார். இப்ப நல்ல பலமாக் கிர்ர்ர் எண்டுது. ஆனால் எழும்பேல்லை.

இதுதான் பிரச்சினை. ஏனெண்டால் ரீச்சரை ஊரிலை விட்டு வைக்க நிமலன் அண்ணைக்கு விருப்பமில்லை. போனிலை ஒரே சண்டை, ரீச்சர் ஸ்பீக்கரிலை போட்டுத்தான் கதைப்பா. நான் ஜன்னலுக்கு வெளியிலை நிண்டு கேட்டனான். கேக்க வேணுமெண்டு இல்லை, சும்மா நிண்டன், கேட்டுது. நிமலன் அண்ணையின்ரை குரல் இப்பிடி, சட்டைக்கு இஸ்திரிக்கை போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் வரும்: "சின்னம்மா, கொஞ்சம் யோசியுங்கோ. தனிய இருக்கிறியள். திடீரெண்டு ஒரு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு என்னெண்டு போவியள்? உங்கடை ஒழுங்கைக்கு ஓட்டோவும் வராது."

"கார் நிக்குதுதானே தம்பி."

"நிக்குது சின்னம்மா. நிக்குது. அதுதான் நானும் சொல்லுறன். ஓடேல்லை, நிக்குது."

ரீச்சர் தலையை ஆட்டினா. கணக்கிலை பிழை விட்டால் அவா ஒத்துக்கொள்ளுவா, அது அவாவின்ரை நேர்மை.

கடைசியிலை ஒரு ஒப்பந்தம். "வாற ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்கு எடுப்பன். போனைக் காருக்குப் பக்கத்திலை வையுங்கோ. மூண்டு தரம் திறப்பைத் திருப்பலாம். ஸ்ராட் வந்தால் நீங்கள் அங்கையே இருங்கோ, இனி நான் வாயே திறக்கமாட்டன். வராட்டில், காரை ஆருக்கும் குடுத்துப்போட்டு வெள்ளவத்தைக்கு வாங்கோ."

"சரி" எண்டா ரீச்சர்.

போனை வைச்சிட்டு என்னைப் பார்த்தா. ஜன்னலுக்கு வெளியிலை நிக்கிறன் எண்டு எப்பிடித் தெரியுமோ! "சேந்தன், அந்த வெள்ளவத்தை வீட்டிலை என்ரை ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஏசிதான் தெரியும். அது தண்ணி சொட்டும். ஒரு நிமிசத்துக்குப் பதினாலு சொட்டு. மழை நாளிலை பதினேழு. ஏழு மாசம் அதை எண்ணினனான்" எண்டா.

நான் பகிடி ஒண்டு சொல்ல வாயைத் திறந்தன். வரேல்லை. எனக்கே அது அதிசயம்.

அந்தக் கிழமை முழுக்கப் பொன்னுத்துரை மாமாதான் டொக்டர். அவர் முந்தி வாடகைக் கார் ஓடினவர். சண்டைக் காலத்திலை எங்கடை பக்கம் பெற்றோல் இல்லை, தெரியுந்தானே? சேலைன் போத்தலிலை துளி பெற்றோல் வைச்சு, அதைக் காபரேற்றருக்குக் காட்டி இஞ்சினை எழுப்பிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடினவையாம். மாமா அந்தக் காலத்தை விட்டு இன்னும் இறங்கேல்லை. அவற்றை கதை இப்பிடி, வெத்திலையை ஒரு கன்னத்திலை ஒதுக்கி: "எழே சேந்தன், போத்தலைத் தா. இஞ்சை பார், ஒரு வாய் ஊத்துறன். ரீச்சர், ஸ்ராட் அடியுங்கோ!"

காபரேற்றருக்குள்ளை பெற்றோலை ஊத்தினவுடனை கார் புடு-புடு எண்டு எழும்பும். நாங்கள் கை தட்டுவம். நாலு எண்ணுறதுக்குள்ளை செத்துப்போகும். திரும்ப ஊத்துவார். திரும்ப நாலு. ரீச்சர் கொப்பியிலை எழுதி வைச்சவா: நாலு, நாலு, மூண்டரை, நாலு.

"குடுத்ததைக் குடிக்குது, தானாக் குடிக்குதில்லை" எண்டார் மாமா. "பழகின சாமானைத் தேடுது போலை."

வெள்ளி, சனி, ஒரே கிர்ர்ர். ஞாயிறு விடிஞ்சுது.

ஆறு மணி. மாமா வரேல்லை, "எனக்குப் பார்க்க ஏலாது" எண்டிட்டார். ரீச்சர் சாறியைச் செருகிக்கொண்டு உள்ளுக்கு இருக்கிறா. இஞ்சினுக்கு மேலை இருக்கிற பொனற் திறந்து கிடக்கு. நான் போனைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். போன் அடிச்சுது.

"குட் மோர்ணிங் சின்னம்மா. றெடியோ?"

"றெடி."

ஒண்டு. கிர்ர்ர்ர்ர். இல்லை.

ரெண்டு. கிர்ர்ர்ர்ர்ர்ர்ர். இல்லை.

கண்ணாடிக்கு அங்காலை ரீச்சற்றை முகம் தெரிஞ்சுது. அழேல்லை. அழுதால் பரவாயில்லை. உதட்டை அசைச்சு எதையோ எண்ணிக்கொண்டிருந்தா. பதினாலு, அண்ணை. அவா பதினாலு வரைக்கும் எண்ணுறா.

மூண்டாந்தரம் கையைத் திறப்பிலை வைக்க முந்தி, என்ரை வாய் திறந்திட்டுது. நான் திறக்கேல்லை, அது தானாத் திறந்தது. டக-டக-டக-டக... டக்... டக்... கிர்ர்ர்... கிர்ர்ர்... ஹக்! புடு-புடு-புடு-புடு, விக். புடு-புடு-புடு-புடு, விக்.

முன் சீற்று அக்கா திரும்பிப் பார்க்கிறா. விடுங்கோ, பார்க்கட்டும்.

எல்லாம் இருந்தது அண்ணை. அந்தத் தொடக்கத்து டக-டக கூட விடேல்லை! இன்னொருத்தன் எண்டால் அதை மறந்திருப்பான். நான் விடுவனோ?

ரீச்சர் ஒரு கணம் தன்ரை கையைப் பார்த்தா. திறப்பைத் திருப்பாமலே கார் ஓடுது எண்டு நினைச்சிருப்பா. பிறகு என்னைக் கண்டா. முப்பது வருசம் ஒரு கொப்பி அடிச்ச கணக்குக்கும் சரி போடாத மனுசி. இறங்கி வந்தா. என்ரை காதைத்தான் பிடிக்கப் போறா எண்டு பார்த்தன். போனுக்குக் கிட்டக் குனிஞ்சு, "கேட்டுதே தம்பி?" எண்டா.

  எனக்கு அந்தரம், ஆனால் இஞ்சினை விடேல்லை.

பிறகு நிமலன் அண்ணை சொன்னார்: "கேக்குது சின்னம்மா. நல்ல வடிவாக் கேக்குது. அந்த டக-டக கூடக் கேட்டுது."

பார்த்தியளே!

"நிப்பாட்டுவமே?" எண்டா ரீச்சர்.

"ஐயையோ, நிப்பாட்டாதையுங்கோ! ஏழு மாசம் சும்மா கிடந்த கார். கொஞ்சம் ஓடட்டும். பற்றறி சார்ஜ் ஏறவேணுந்தானே? ஒரு பத்து நிமிசமெண்டாலும் ஓடவேணும்."

அது சரிதானே அண்ணை, காருக்கு நல்லதுதானே. ஆனால் அண்டைக்குப் பெற்றோல் நானெல்லோ! புடு-புடு-புடு-புடு, விக். மூச்சை மூக்காலை எடுத்து வாயாலை விட்டன்.

"கொஞ்சம் றேஸ் பண்ணுங்கோ சின்னம்மா."

ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் றேஸ் பண்ணினன். ப்ர்ர்ரூம்ம்.

"இன்னும் கொஞ்சம்."

ப்ர்ர்ர்ரூஊஊம்ம்ம்!

"அச்சா. இப்ப ஹோர்ணை அடியுங்கோ."

அதை ரீச்சர் ஓடிப்போய் உண்மையா அடிச்சா. நல்லவேளை. எனக்கு மூச்செடுக்க ஒரு இடைவெளி.

அதோடை விட்டாரோ? இல்லை. சின்ன வயசுக் கதை தொடங்கிட்டார். கொழும்பு ஆக்கள் இப்பிடித்தான், ஒரு இஞ்சின் சத்தம் கேட்டால் காணும், பழங்கதை வந்திடும். நான் புடு-புடு போட்டுக்கொண்டிருக்க அவர் ஆற அமரச் சொல்லுறார், அப்பா எண்டும் இடப்பெயர்வு எண்டும் செருப்பு எண்டும். எனக்கு வயித்துக்குள்ளை காத்தே இல்லை, கதையை ஆர் கேட்டது? கடைசியிலை ரீச்சரிட்டை ஒரு கேள்வி கேட்டார்: "சின்னம்மா, நீங்கள் செருப்பாலை அடிக்கேல்லையோ?"

"ஆருக்கு?"

"காருக்கு. செருப்பாலை நாலு போடுங்கோ. பயப்பிடாதையுங்கோ, அது கோவிக்காது. வியாழக்கிழமை விடிய நான் பஸ்ஸிலை வாறன். ஆறு மணிக்கு நெல்லியடிச் சந்தியிலை நிப்பன். காரிலை வந்து ஏத்துங்கோ. வராட்டில்... ஒப்பந்தம் தெரியுந்தானே?"

வைச்சிட்டார். நான் அப்பிடியே முத்தத்திலை இருந்திட்டன். தொண்டைக்குள்ளை அரத்தாலை உராசின மாதிரி. ரீச்சர் தேத்தண்ணி கொண்டந்து தந்தா.

"நான் பொய் சொல்லேல்லை" எண்டா. "கேட்டுதோ எண்டுதான் கேட்டனான்."

"ஓம் ரீச்சர்."

"அவன் கேட்டது எண்டுதான் சொன்னவன்."

"ஓம் ரீச்சர்."

"ஆனால் வியாழக்கிழமை நீ வாயாலை நெல்லியடி வரைக்கும் ஓடேலாது."

அது உண்மை. ரெண்டு மைல்.

செருப்புக் கதையைப் பொன்னுத்துரை மாமாட்டைச் சொன்னம். அவர் துள்ளிக் குதிச்சார். "அட, கண்ணூறு! கண் பட்டுப்போச்சுது! பெடியன் கொழும்பிலை இருந்தாலும் ஊர்ப் பழக்கம் மறக்கேல்லை. ஏழு மாசம் பூட்டிக் கிடந்த வீடு, போற வாற சனம் எல்லாம் இந்தக் காரைப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கும். லொறியளிலை பார்க்கிறேல்லையோ, பின்னுக்குப் பழஞ்செருப்புக் கட்டியிருக்கிறாங்கள்!"

பிறகென்ன. செத்தல் மிளகாய், உப்பு, வேப்பிலை எல்லாத்தாலையும் காரைச் சுத்தி நெருப்பிலை போட்டார். தன்ரை பிய்ஞ்ச செருப்பை முன்னுக்குக் கட்டினார். இன்னொரு செருப்பாலை நாலு சில்லுக்கும் சாத்தினார். பொனற்றுக்கு மேலை நாலு. கார் ஆடேல்லை அசையேல்லை. ஆனால் மிளகாய்ப் புகையிலை நான், ரீச்சர், மாமா மூண்டு பேரும் ஒரே தும்மல். என்ரை வாயிலை அந்த மூண்டு தும்மலும் இப்பவும் இருக்கு. மாமாவின்ரை தும்மலுக்கு ரெண்டு மாடி.

திங்கள், செவ்வாய் போச்சுது. புதன் பின்னேரம் நான் போகேக்கை ரீச்சர் சூட்கேசை இறக்கி, ஈரத் துணியாலை துடைச்சுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டிட்டு, "சும்மா, தூசி" எண்டா.

வியாழன் விடிய அஞ்சு மணி. மூண்டு பேரும் கொட்டிலடியிலை. மாமா ஊத்துறார், நாலு எண்ணுறம், சாகுது. ஊத்துறார், எண்ணுறம், சாகுது. அஞ்சேகால். ரீச்சர் ஸ்ரேறிங்கிலை கையை வைச்சபடி இருந்தா.  எனக்கு ஒருத்தரும் கதைக்காத இடத்திலை இருக்க ஏலாது, அண்ணை. அதோடை அவாவைச் சிரிக்க வைக்கவேணும் போலையும் இருந்தது. அப்ப நான் நிமலன் அண்ணையை எடுத்து விட்டன். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன பழங்கதை முழுக்க அதே குரலிலை, அதே மூச்சோடை. கதை எனக்கு விளங்கேல்லைத்தான், ஆனால் சத்தம் பதிஞ்சு கிடந்தது. ஒரு சொல்லும் விடாமல் வந்தது:

"சின்னம்மா, உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்ப வன்னியிலை இருந்து வரேல்லை. தொண்ணூற்றாறிலை நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்கை கார் ஆறு மாசமா ஓலைக்குக் கீழை கிடந்தது. அப்பா என்னை மட்காட்டிலை ஏத்தி விட்டார். அவர் உள்ளை இருந்து திறப்பைத் திருப்ப, நான் பொனற்றுக்குள்ளை குனிஞ்சு செருப்பாலை நாலு போட, டக-டக எண்டு எழும்பினது. எனக்கு எட்டு வயசு..."

"நிப்பாட்டு" எண்டா ரீச்சர்.

நான் நிப்பாட்டினன். அவாவுக்குக் கோவம் எண்டு நினைச்சன்.

"திரும்பச் சொல்லு. அப்பிடியே."

சொன்னன்.

"கண்ணூறு கழிக்கிறவன் ஏன் பொனற்றுக்குள்ளை குனிஞ்சவன்?" எண்டா. எங்களைக் கேக்கேல்லை, கரும்பலகையைக் கேக்கிற மாதிரிக் கேட்டா. "திறப்பைத் திருப்பினது. அடிச்சது. டக-டக. இந்த ஒழுங்கிலைதான் சொல்லியிருக்கிறான். சேந்தன், அந்த டக-டக எதிலை இருந்து வாறது?"

நான் முழிச்சன். ரெண்டு வருசமா அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு திரியிறன், அது எதின்ரை சத்தம் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை. ரீச்சரும் இருபத்தஞ்சு வருசமாக் கேட்டவா, நாள் தவறாமல் ஓடின கார் எண்டபடியாலை அவாவுக்கும் யோசிக்கத் தேவை வரேல்லை. "நான் திறப்பைத் திருப்புறன். இப்ப கேக்குதோ?"

காதை உள்ளுக்கு விட்டன். ஒரு சத்தமும் இல்லை. அப்பதான் அண்ணை எங்களுக்கு உறைச்சது: இந்தக் கிழமை முழுக்க அந்த டக-டக வரவே இல்லை. என்ரை வாயிலை மட்டுந்தான் வந்தது!

பொனற்றுக்குள்ளை, இஞ்சினுக்குப் பின்சுவரிலை ஒரு வட்டத் தகரப்பெட்டி, பேணி மாதிரி. அதிலை இருந்து காபரேற்றருக்கு ஒரு குழாய் போகுது. மாமா நெத்தியிலை அடிச்சார். "எழே, பெற்றோல் பம்ப்! நான் ஓடின காரிலை எல்லாம் பம்பை இஞ்சின் ஓட்டும். இது கரண்டிலை ஓடுறது. சும்மா கிடந்து ஒட்டிப் போச்சுது!"

நான் காலிலை கிடந்த செருப்பைக் கழட்டினன். ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலாவதை நல்லாக் குடுத்தன், கணக்குப் பாடத்துக்கெல்லாம் சேர்த்து.

டக-டக-டக-டக-டக-டக!

"நீயோ?" எண்டார் மாமா என்னைப் பார்த்து.

"நானில்லை மாமா! சத்தியமா நானில்லை!" என்ரை வாயை ரெண்டு கையாலையும் பொத்திக் காட்டினன். டக-டக... டக்... டக். ரீச்சர் சோக்கை இழுத்தா, திருப்பினா. கிர்ர்ர், ஹக், புடு-புடு-புடு-புடு, விக். நாலு எண்ணினம். அஞ்சு. ஆறு. பதினாலு. பதினஞ்சு எண்டு ரீச்சர் சத்தம் போட்டுச் சொன்னா.

பின்னாலை ஒரு வெள்ளைப் புகை கிளம்பினது பாருங்கோ, கொட்டிலே தெரியேல்லை. ஊர் முழுக்க மண்ணெண்ணெய் மணம். ரீச்சர் மெல்லத் திரும்பினா. மாமா வேலியைப் பார்த்தார். "தாங்கிக்குள்ளை ஒரு போத்தல்தான் ஊத்தினனான் ரீச்சர். செவ்வாய்க்கிழமை. பழகின சாமான் எண்டு..."

"ஏறுங்கோ" எண்டா ரீச்சர். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

முன்னுக்குப் பிய்ஞ்ச செருப்பு ஆட, பின்னுக்குப் புகை போக, நெல்லியடிச் சந்திக்குப் போய்ச் சேரேக்கை ஆறுக்கு ரெண்டு நிமிசம். நிமலன் அண்ணை பையோடை நிக்கிறார். காரைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டார். பிறகு முன் கதவைத் திறந்து ஏறினார். மூச்சை உள்ளுக்கு இழுத்தார். கண்ணை மூடினார்.

"பொன்னுத்துரை மாமாதானே?" எண்டார்.

"ஒரு போத்தல்தான் தம்பி" எண்டார் மாமா எனக்குப் பக்கத்திலை இருந்து.

"அப்பா என்னை ஏத்திக்கொண்டு போற மணம்" எண்டார் நிமலன் அண்ணை. எங்கடை ஒழுங்கை வரைக்கும் ஜன்னலைத் திறக்காமல் வந்தார். கண்ணை அடிக்கடி துடைச்சார். புகை எரிச்சல்.

வீட்டை வந்தவுடனை பொனற்றைத் திறந்து பார்த்தார். பம்பிலை ஏழு மாசத்துப் புழுதி, அதிலை என்ரை செருப்பின்ரை அடி புத்தம் புதுசாப் பதிஞ்சு கிடந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிச்சார் பாருங்கோ, மட்காட்டைப் பிடிச்சுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி. புழுதியிலை அப்பிடி என்ன பகிடியோ! ரீச்சரும் திரும்பி நிண்டு சாறித் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா. பாவம், பொய் பிடிபட்டிடுமோ எண்டு அவாவுக்குப் பயம். ஆனால் நிமலன் அண்ணைக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. ஒரு கேள்வியும் கேக்கேல்லை. என்ரை வேலை அப்பிடி!

ரீச்சர் இப்ப ஊரிலைதான். சூட்கேஸ் திரும்பவும் அலுமாரிக்கு மேலை. நிமலன் அண்ணை ஒரேயொரு கட்டளை போட்டிட்டுப் போனார்: "கார் இனிச் சும்மா கிடக்கக்கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு எடுப்பன், எனக்குச் சத்தம் கேக்கவேணும். சேந்தனையும் பக்கத்திலை நிப்பாட்டுங்கோ." என்னை ஏன் எண்டு தெரியாது. பொறுப்பான பெடியன் எண்டு நினைச்சிருப்பார். இப்ப ஒவ்வொரு ஞாயிறும் ரீச்சர் காரை ஸ்ராட் பண்ணுவா, முதல் திருப்பிலையே எழும்பும். அவர் கேட்டிட்டு, "சரி சின்னம்மா, இப்ப மற்றதையும் கேப்பம்" எண்டுவார். மற்றது எண்டால் என்னது? நான் ஹோர்ணை அடிச்சு விடுவன். அங்காலை ஒரே சிரிப்பு.

இப்ப யாழ்ப்பாணத்துக்கும் அந்தப் பம்புக்கு ஒரு சின்னச் சாமான் வாங்கத்தான் போறன். ரீச்சர் படம் கீறி, அளவெல்லாம் எழுதித் தந்திருக்கிறா. கடைக்காரனிட்டை ரீச்சற்றை குரலிலையே கேக்கலாம் எண்டு இருக்கிறன்.

ஓ, சொல்ல மறந்துபோனன். போற அண்டைக்கு நிமலன் அண்ணை எனக்கு ஒரு பாசல் தந்தார். கொழும்பாலை வந்த மனுசன், சொக்லேற்றாக்கும் எண்டு ஆசையோடை பிரிச்சன். பார்த்தால் பனங்கற்கண்டு! நெல்லியடிச் சந்தையிலை வாங்கினது. அதுவும் ஒரு கிலோ! "தொண்டைக்கு நல்லது சேந்தன். தொண்டையும் காபரேற்றர் மாதிரித்தான், பழுதாக்கிப் போடாதை" எண்டார். எனக்குத் தடிமன், சளி ஒண்டும் இல்லை அண்ணை. ஏன் தந்தவர் எண்டு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறன், விளங்கேல்லை. அம்மா சொல்லுறா, பாங்கிலை வேலை செய்யிற ஆக்களுக்குக் கணக்குத் தெரியும், மனுசரைத் தெரியாது எண்டு.

இந்தாங்கோ, நீங்களும் ஒரு கட்டி போடுங்கோ. இன்னும் அரைவாசி கிடக்கு.

என்ன அண்ணை, ஏன் சிரிக்கிறியள்? முன் சீற்று அக்காவும் சிரிக்கிறா. அக்கா, நீங்களும் கேட்டுக்கொண்டே வந்தனீங்கள்? பரவாயில்லை, ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையுங்கோ. நிமலன் அண்ணையின்ரை காதுக்கு மட்டும் போகக்கூடாது. தெரிஞ்சால் ரீச்சரை நாளைக்கே வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவார். ரகசியம், என்ன?

அட, நான் இறங்கிற இடம். பெல் அடிக்கத் தேவையில்லை அண்ணை, கையை எடுங்கோ. நான் அடிக்கிறன்.

டிங்!

பார்த்தியளே, நிப்பாட்டிட்டார். டிறைவரும் கண்ணாடியிலை பார்த்துச் சிரிக்கிறார். இண்டைக்கு எல்லாருக்கும் என்ன வந்தது?